அரவானை எந்த எழுத்தில் தேடுவது?

அபிதான சிந்தாமணியும் ஒரு சிங்கப்பூர்ப் பெயர்த் தொகுப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் அரவானின் தலை இருக்கிறது. பெரிய மீசை, விழித்த கண்கள், மேலே குடை பிடித்த மாதிரி ஒரு நாகப்படம். உடம்பு கிடையாது. தீமிதிக்குச் சில வாரங்கள் இருந்தபோது, அந்தத் தலைக்கு முன்னால் நின்று ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவன் கேட்ட கேள்வியால்தான் இந்த ஆய்வை எழுத வேண்டி வந்தது.

நாங்கள் ஏழு தொண்டூழியர்கள். வார இறுதியில் மாணவர்களைக் கோயில்களுக்கு அழைத்துப்போய்ச் சன்னிதி சன்னிதியாகக் கதை சொல்வோம். சொல்வதை மறந்துவிடாமல் இருக்க ஆளுக்கொரு அட்டை கொடுப்போம். அட்டையில் ஒரு பெயர், கீழே நான்கைந்து வரி. அரவான் அட்டையில் "அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்தவன். பாரதப் போர் தொடங்குமுன் பாண்டவர் வெற்றிக்காகக் காளிக்குப் பலியானவன்" என்று எழுதியிருந்தோம். எழுதியது நான்தான்.

அந்தப் பையன் அட்டையைப் படித்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், போருக்கு முன்னாடியே இறந்துட்டார்னு போட்டிருக்கீங்க. நான் படிச்ச புத்தகத்துல எட்டாம் நாள் சண்டையில ஒரு ராட்சசன்தான் இவரைக் கொல்றான். எது சரி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "தம்பி, நம்ம கோயில் கதை இதுதான்" என்று முடித்துவைத்தார். பையன் மரியாதையாகத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல்தான் எனக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது. கேள்வி கேட்கிற பிள்ளையை நாங்களே சேர்ந்து அடக்கிவிட்டோம் என்று தோன்றியது. அன்று மாலையே அந்த அட்டையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

தவறு எங்கே நடந்தது

அட்டைகளை நாங்கள் தயாரித்த விதத்தை மறைக்காமல் சொல்கிறேன். நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள், இரண்டே வாரம். சின்ன வயதில் கேட்டதையும் படங்களில் பார்த்ததையும் இணையத்தில் முதலில் கண்ணில் பட்டதையும் சேர்த்து எழுதினோம். ஒரு அட்டைக்கு இருபது நிமிடம் ஆகியிருந்தால் அதிகம். எந்த வரி எங்கிருந்து வந்தது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. அதனால் கேள்வி வந்தபோது திரும்பிப் போய்ப் பார்க்க ஓர் இடமும் இல்லை.

இன்னொரு தவறு அதைவிட ஆழமானது. ஒரு பெயருக்கு ஒரே கதைதான் இருக்கும் என்று நாங்கள் எல்லோருமே பேசாமல் ஏற்றுக்கொண்டிருந்தோம்.

அடுத்த கூட்டம் தேக்காவில் ஒரு கோப்பிக்கடையில் நடந்தது. குழுவில் வயதில் மூத்த ஐயா ஒரு துணிப்பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். பைக்குள் ஒரே ஒரு புத்தகம். பல வருடங்களுக்கு முன் சென்னையில் வாங்கிய மறுபதிப்பு. மேசையில் வைத்தபோது கோப்பிக் கோப்பைகள் ஆடின. "இதைப் பாக்காம எழுதினதுதாம்மா நாம செஞ்ச தப்பு" என்றார். அபிதான சிந்தாமணி: பெயர்களை அகர வரிசையில் அடுக்கி விளக்கம் சொல்லும் பெரிய தொகுப்பு நூல்.

எனக்குப் பெயர் தெரியும். பல வீடுகளில் கண்ணாடி அலமாரிக்குள் பார்த்திருக்கிறேன். திறந்து தேடியது அன்றுதான்.

எந்த எழுத்து

அபிதானம் என்றால் பெயர். சிந்தாமணி என்றால் நினைத்ததைத் தரும் மணி. பெயரை நினைத்துப் போனால் பொருளைத் தரவேண்டிய நூல். ஆனால் நினைத்த பெயரை எந்த எழுத்தில் தேடுவது?

கூட்டத்துக்கு அந்தப் பையனையும் அவன் தோழி ஒருத்தியையும் அழைத்திருந்தோம். முதலில் திரௌபதியைத் தேடச் சொன்னோம். அவர்கள் பள்ளியில் கேட்கும் உச்சரிப்பை வைத்து 'ட'வில் தேடலாமா என்று யோசித்தார்கள். அப்புறம் 'த்'. அதுவும் இல்லை என்றதும் 'தி'. குழுவில் ஒருவர் பாட்டி வாயில் கேட்டதை வைத்து 'துரோபதை' என்றார். இன்னொருவர், ஏன், பாஞ்சாலி என்றும் இருக்கலாமே என்றார். ஒரே பெண்ணுக்கு இத்தனை கதவுகள்.

தமிழில் இது பழைய சிக்கல். சொல் முதலில் வராத எழுத்துகள் நமக்கு உண்டு. ராமன் என்பதை மரபாக எழுதுகிறவர் 'இ'யில் தொடங்கி இராமன் என்பார். ரங்கன் அரங்கனாவான். ரோமம் உரோமமாகும். கிருஷ்ணன் சிலர் கையில் கிருட்டிணன், வீட்டில் கண்ணன். வடமொழிப் பெயர் ஒவ்வொன்றும் தமிழுக்குள் வரும்போது இரண்டு மூன்று உருவம் எடுத்துவிடுகிறது. பெயர் அகராதி செய்பவருக்கு முதல் வேலை கதை சொல்வது கிடையாது. தேடி வருபவர் எந்த வாசலில் வந்து நிற்பார் என்று ஊகிப்பதுதான்.

அரவானுக்கு இது இன்னும் பொருத்தம். வியாசர் கதையில் அவன் இராவான். தமிழில் அரவான். அரவு என்றால் பாம்பு. தாய் உலூபி நாகர் குலத்தவள். தமிழ்க் காதுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே பாம்பு கேட்கிறது. சிலையின் தலைக்கு மேல் படமெடுத்தும் நிற்கிறது. 'இ'யில் தேடினால் ஒரு மரபுக்குப் போகிறோம், 'அ'வில் தேடினால் இன்னொன்றுக்கு. பையனின் கேள்விக்குப் பாதி விடை எழுத்து வரிசையிலேயே இருந்தது.

சொற்களையும் பெயர்களையும் பாட்டாகத் தொகுத்த பழைய நிகண்டுகளில் இந்தத் தேடலே கிடையாது. திவாகரம் தெய்வப் பெயர்த் தொகுதியோடு தொடங்கும். சிவனுக்கு இத்தனை பெயர், திருமாலுக்கு இத்தனை பெயர் என்று பாட்டாக மனப்பாடம் செய்தால் போதும். நூல் தலைக்குள் இருக்கும், புரட்ட வேண்டியதில்லை. முதலெழுத்து வரிசையில் சொற்களை அடுக்கிய அகராதி நிகண்டு 1594இல் வருகிறது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732. மனப்பாடம் செய்யாதவரும் தேடலாம் என்ற நிலை அப்படித்தான் மெல்ல மெல்ல வந்தது. எங்கள் பிள்ளைகள் அந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவர்கள். நானும்தான்.

தொகுத்தவர்

இந்தப் புத்தகத்தைச் செய்தவர் ஆ. சிங்காரவேலு முதலியார். பிறந்தது 1855இல். சென்னைப் பச்சையப்பன் கல்வி நிலையத்தில் தமிழ்ப் பண்டிதர். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், மற்ற நேரத்தில் பெயர் சேகரிப்பு என்று வாழ்ந்தவர். 1890 வாக்கில் தொகுக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. தொடக்கத்தில் அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'புராண நாமாவலி'. அந்தப் பெயரே அவர் எண்ணத்தைக் காட்டிவிடுகிறது: புராணங்களில் வரும் பெயர்களை வரிசைப்படுத்தித் தரவேண்டும், அவ்வளவுதான்.

அந்த 1890இல் இங்கே சிங்கப்பூரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். 1887இல் தொடங்கிய சிங்கை நேசன் வார இதழ் நின்றுபோகும் கட்டத்தில் இருந்தது. அதே 1887இல்தான் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் சிங்கை நகர் அந்தாதி இங்கே அச்சேறியது. தமிழ் எழுத்தை ஈயத்தில் கோத்துப் புத்தகமாக்கும் ஆசை கடலுக்கு இந்தப் பக்கமும் இருந்தது. ஆனால் அந்தாதியை அச்சிடுவது வேறு. ஆயிரம் பக்கத்தை அச்சிடுவது வேறு.

புராண நாமாவலி வளர்ந்தது. புராணப் பெயர்களோடு நிற்க அவரால் முடியவில்லை. அரசர், புலவர், அடியார், தலங்கள், சமயக் கொள்கைகள், நூல்கள், சோதிடம், மருத்துவம் என்று உள்ளே வந்துகொண்டே இருந்தன. தொகுப்பு வேலை செய்தவர்களுக்கு இது புரியும். ஒரு பெயரை விளக்கப்போனால் விளக்கத்திலேயே விளக்க வேண்டிய இன்னொரு பெயர் வந்து உட்காரும். அதை விட்டுவிட்டுப் போக மனச்சாட்சி உள்ளவர் ஒருவராலும் முடியாது.

எழுதி முடித்தால் போதுமா? அச்சுக் கூலி, காகிதம், கட்டுமானம் எல்லாவற்றுக்கும் ஒரு பள்ளிப் பண்டிதரின் சம்பளம் எந்த மூலைக்கு? ஆதரவு கேட்டு அறிக்கை அச்சிட்டு அனுப்பினார். எதிர்பார்த்த உதவி வரவில்லை. இருபது ஆண்டுக் கதையில் என்னை அதிகம் நிறுத்திவைத்த இடம் இதுதான். பெட்டி நிறையக் கையெழுத்துப் படி இருக்கிறது. படிக்க ஆசைப்படுகிறவர்களும் எங்கோ இருக்கிறார்கள். நடுவில் பணம் இல்லை. அந்த நிலையில் எத்தனை தொகுப்புகள் கரையானுக்குப் போயிருக்கும்!

இதைக் கையில் எடுத்தவர் பாலவநத்தம் ஜமீன்தார் பொ. பாண்டித்துரைத் தேவர். 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். அவர் ஒருமுறை மதுரையில் சொற்பொழிவு செய்யப் போனபோது குறிப்புப் பார்க்கக் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டாராம். அந்தப் பெரிய நகரத்தில் உடனே கிடைக்கவில்லையாம். அந்த வருத்தத்தில் பிறந்ததுதான் சங்கம் என்று சொல்வார்கள். வேண்டிய நேரத்தில் புத்தகம் கையில் இல்லாத தவிப்பை அறிந்த ஒருவர்தான் பார்வை நூலுக்குப் பணம் போடுவார். கவிதை நூலுக்கு ஆதரவு தர ரசனை போதும். பார்வை நூலுக்கு அந்தத் தவிப்பு வேண்டும்.

1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே அபிதான சிந்தாமணி வெளிவந்தது. 1050 பக்கம். அடுத்த ஆண்டே, 1911இல், பாண்டித்துரைத் தேவர் காலமானார். வயது நாற்பத்து நான்கு. ஓராண்டு தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் கூசுகிறது.

சிங்காரவேலு முதலியார் அதோடு ஓய்ந்துவிடவில்லை. அச்சான புத்தகத்தை முடிந்த வேலையாக அவர் பார்க்கவே இல்லை. சேர்த்துக்கொண்டே போனார், இருபது ஆண்டுகளுக்கு. இரண்டாம் பதிப்பு வரும் முன்னரே 1931இல் மறைந்தார். மகன் ஆ. சிவப்பிரகாச முதலியார் 1934இல் அதை வெளிக்கொண்டு வந்தார். 1634 பக்கம். முதல் பதிப்பைவிட 584 பக்கம் அதிகம். இன்று நம் கையில் இருக்கும் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், முதல் பதிப்பு வந்த பிறகு ஒரு கிழவர் உட்கார்ந்து சேர்த்தது.

இதை நான் குழுவில் சொல்லிக்கொண்டிருந்தபோது, குடும்ப வேர் யாழ்ப்பாணத்தில் உள்ள அம்மா ஒருவர் குறுக்கிட்டார். "முதல்ல வந்தது எங்கட மானிப்பாய்ப் புத்தகம், பிள்ளை. அதையும் சொல்லும்." அவர் சொன்னது சரி. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதானகோசம் 1902இலேயே யாழ்ப்பாணத்தில் வந்துவிட்டது. அதுவும் புராண, இலக்கியப் பெயர்களை அகர வரிசையில் விளக்கும் நூல்தான். அளவில் சிறியது. காலத்தில் மூத்தது. சென்னையில் ஒருவர் பெட்டியில் கையெழுத்துப் படியோடு காத்திருந்த அதே ஆண்டுகளில், மானிப்பாயில் ஒருவர் அதே தாகத்தோடு வேலை செய்து முந்திக்கொண்டிருக்கிறார். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் வந்து கலந்த சிங்கப்பூரில் இரண்டையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

மீண்டும் அரவானிடம்

சிந்தாமணியின் ஒரு பழக்கம் எங்களைத் திருத்தியது. ஒரே பெயரில் பலர் இருந்தால் சிங்காரவேலு முதலியார் எண்ணிட்டுப் பிரித்து வைக்கிறார். பல பதிவுகளின் முடிவில் எந்த நூல் என்று குறிக்கிறார். இரண்டு புராணம் இரண்டு விதமாகச் சொன்னால் எதையும் ஒளித்துவைப்பதில்லை. அவர் தீர்ப்புச் சொல்ல உட்காரவில்லை. சாட்சிகளை வரிசையாக நிறுத்துகிறார். நாங்கள் செய்ததோ நேர்மாறு. சாட்சி ஒருவரையும் கூப்பிடாமல் தீர்ப்பு எழுதியிருந்தோம்.

அதனால் புத்தகத்தைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு மூலங்களுக்குப் போனோம். ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டோம். மூன்று வாரம் ஆயிற்று.

வியாச பாரதத்தின் பீஷ்ம பருவத்தில் பலி என்ற பேச்சே இல்லை. எட்டாம் நாள் போரில் இராவான் சகுனியின் தம்பியரை எதிர்த்து ஐந்து பேரை வீழ்த்துகிறான். துரியோதனன் அலம்புசன் என்ற அரக்கனை ஏவுகிறான். மாயப்போர் நடக்கிறது. இராவான் பெரும் நாகவடிவம் எடுக்க, அலம்புசன் கருடவடிவம் எடுத்து நாகங்களை விழுங்கி, அவன் தலையை வெட்டுகிறான். பையன் படித்தது இது. அவன் சொன்னதில் பிழையே இல்லை.

தமிழில் பலிக்கதை பழையது. ஒன்பதாம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவிலேயே அரவான் களப்பலி இருக்கிறது. பின்னால் தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் அதை விரித்துப் பாடுகிறார். துரியோதனன் தனக்குக் களப்பலியிட நல்ல நாள் கேட்டு, எதிரி வீட்டுப் பிள்ளை என்றும் பாராமல் சகாதேவனிடமே வருகிறான். சகாதேவனும் பொய் சொல்லாமல் அமாவாசையைக் குறித்துக் கொடுக்கிறான். கண்ணன் ஒரு நாள் முன்னதாகவே அமாவாசைச் சடங்கைத் தொடங்க, இதென்ன என்று கேட்கச் சூரியனும் சந்திரனும் ஒன்றாக வந்து நிற்கிறார்கள். இருவரும் கூடினால் அதுதானே அமாவாசை! அந்த நாளில் பாண்டவர் பக்கம் பலி நடந்துவிடுகிறது. பலிக்கு உடன்பட்டவன் போரையும் காண வேண்டும் என்று வரம் வாங்கிக்கொள்கிறான். அதனால் வில்லியில் களப்பலியும் இருக்கிறது, எட்டாம் நாள் மரணமும் இருக்கிறது. எது சரி என்று நாங்கள் தவித்த இரண்டையும் வில்லிபுத்தூரார் ஒரே நூலுக்குள் உட்கார வைத்துவிட்டார்.

இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 'நம்ம கோயில் கதை இதுதான்' என்று அடக்கியிருக்க வேண்டிய தேவையே இல்லை. கோயில் கதையிலேயே பையனின் கதைக்கும் இடம் இருந்தது.

மூன்றாவது ஓர் இழையும் உண்டு. திரௌபதி அம்மன் வழிபாட்டில், கூத்தில், வெட்டுண்ட தலை சாவதில்லை. கண் விழித்தபடி பதினெட்டு நாள் போரையும் பார்க்கிறது. கூவாகத்தில் சித்திரையில் கூத்தாண்டவராக அரவானை வணங்குகிறவர்கள் அவன் பலிக்கு முந்திய இரவு நடந்த திருமணத்தை மையமாக வைக்கிறார்கள். அதையும் ஒரு சாட்சியாகக் குறித்துக்கொண்டோம்.

எங்கள் குழுவின் அந்த மூத்த ஐயா தஞ்சோங் பகார் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர். அவருடைய அப்பா தீமிதிக்கு முந்திய நாட்களில் பாரதக் கதை சொல்வாராம். அதில் அரவான் தலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கும். போர் முடிந்து யார் யாரைக் கொன்றார்கள் என்று கேட்டால், கண்ணனுடைய சக்கரம் சுற்றியதைத்தான் கண்டேன் என்று சொல்லுமாம். இதைச் சொல்லிவிட்டு, "இது புத்தகத்துல இருக்கான்னு தெரியாதும்மா. அப்பா சொன்னது" என்று தயங்கினார். அதையும் எழுதச் சொன்னேன். 'வாய்வழி, தஞ்சோங் பகார்' என்று.

நூல் கைகொடுக்காத இடங்கள்

சிந்தாமணியை அப்படியே பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு நேர்மையாக இருக்காது.

நடை பழையது. வடசொல் மிகுதி. ஒரு வாக்கியம் மூச்சுவிடாமல் போய்க்கொண்டே இருக்கும். எங்கள் மாணவர்கள் ஒரு பதிவைப் படித்து முடிப்பதற்குள் எழுவாய் எது என்று மறந்துவிட்டார்கள். அது அவர்கள் குறையென்று நான் நினைக்கவில்லை. நூற்றுப் பத்து வருடத்துக்கு மேற்பட்ட உரைநடை அது.

வரலாற்று அரசனும் புராண அரசனும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே குரலில் வருகிறார்கள். எது கல்வெட்டில் நிற்கும், எது கதையில் நிற்கும் என்பதை நாம்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சாதியைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் பழைய நூல்கள் சொன்னவற்றை அவர் எடுத்து வைத்திருக்கும் இடங்கள் உண்டு. சேகரித்துத் தரவேண்டும் என்ற கொள்கையின் மறுபக்கம் இது: நல்லதோடு நஞ்சும் சேகரமாகிவிடும். ஆய்வு செய்பவருக்கு அது அந்தக் காலத்தின் சான்று. பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் விளக்கம் இல்லாமல் கொடுத்தால் அது வேறு. அத்தகைய வரிகளை எங்கள் அட்டைக்குள் விடுவதில்லை என்று முடிவு செய்தோம். இதில் குழுவில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அப்புறம், நம் ஊர். நாராயண பிள்ளை 1827இல் நிறுவிய இந்தக் கோயிலுக்கு, ஐப்பசியில் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து நடந்து வந்து பூக்குழி இறங்கும் கூட்டத்துக்கு, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே வந்த புத்தகம் எப்படி விளக்கம் தரும்? வியாசரின் திரௌபதி தீ மிதிக்கவே இல்லை. அந்தப் பகுதியை எழுத வேண்டியவர்கள் இங்கே இருப்பவர்கள்தான்.

பெரிய அமைப்புகள் பின்னால் வந்து பெரிய வேலைகளைச் செய்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள். பெ. தூரன் பொறுப்பில் வந்த கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள். அவற்றுக்குக் குழு இருந்தது, நிதி இருந்தது. எங்களிடம் இருந்தது ஒரு கோப்பிக்கடை மேசையும் ஏழு பேரும்தான். அதனால்தானோ என்னவோ, தனியாள் செய்த அபிதான சிந்தாமணிதான் எங்களுக்கு மாதிரியாகத் தோன்றியது.

மாற்றியது என்ன

அட்டையின் வடிவத்தை மாற்றினோம். மேலே பெயர். அதன் அடியில் அதே பெயரின் மற்ற உருவங்கள் எல்லாம், பாட்டி சொல்லும் வடிவம் உட்பட. பிள்ளை எந்த உருவத்தைச் சொல்லித் தேடினாலும் அட்டை கிடைக்க வேண்டும். அப்புறம் கதை. ஒன்றுக்கு மேற்பட்ட கதை இருந்தால் எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் யார் சொன்னது என்று. கடைசியில், சிங்கப்பூரில் இந்தப் பெயரை எங்கே பார்க்கலாம் என்று ஒரு வரி. மூலையில் எழுதியவரின் தலைப்பெழுத்தும் தேதியும். பிறகு தவறு தெரிந்தால் யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டுமல்லவா?

வேகம் போய்விட்டது. முன்பு இருபது நிமிடத்தில் முடிந்த அட்டைக்கு இப்போது ஒரு முழு மாலை வேண்டியிருக்கிறது. தீமிதிக்குள் பதினொரு அட்டைகளைத்தான் திருத்த முடிந்தது. மற்றவற்றை அந்த ஆண்டு கொடுக்கவில்லை. சிலருக்கு வருத்தம். "கையில ஒண்ணும் இல்லாம பிள்ளைங்க நிக்கிறாங்களே" என்றார் ஒருவர். நியாயமான வருத்தம்தான். அரைகுறை அட்டையைவிட அட்டை இல்லாமல் கேள்வி கேட்பது மேல் என்று நான் வாதாடினேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

எதிர்பாராத ஒரு பலனும் வந்தது. 'யார் சொன்னது' என்ற வரியைப் பார்த்த மாணவர்கள் வீட்டில் போய்க் கேட்கத் தொடங்கினார்கள். மதுரைவீரனைப் பற்றி ஒருத்தியின் தாத்தா சொன்ன கதை எங்கள் எவர் கதையோடும் ஒத்துப்போகவில்லை. முன்பாயிருந்தால் தாத்தா தவறாகச் சொல்கிறார் என்றிருப்போம். இப்போது அந்த அட்டையில் அவருக்கு ஓர் எண் இருக்கிறது.

தீமிதிக்கு முந்திய வாரம் அந்தப் பையனை மறுபடி அரவான் முன்னால் அழைத்துப்போனேன். புதிய அட்டையைக் கொடுத்தேன். அரவான், இராவான், கூத்தாண்டவர். ஒன்று, வியாசர். இரண்டு, பெருந்தேவனாரும் வில்லிபுத்தூராரும். மூன்று, கூத்தும் கூவாகமும். நான்கு, தஞ்சோங் பகார், வாய்வழி. நின்றபடியே முழுவதையும் படித்தான். நான்காவதை இரண்டு முறை படித்தான் என்று நினைக்கிறேன். பிறகு நிமிர்ந்து தலையைப் பார்த்தான்.

"அதனாலதான் கண்ணு திறந்திருக்கா, டீச்சர்?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை வருடம் அந்தச் சிலைக்கு முன் நின்று கதை சொல்லியிருக்கிறேன். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி அவனிடம் பேனாவைக் கொடுத்தேன். ஐந்து என்று எண் போட்டு எழுதினான். மூலையில் தன் தலைப்பெழுத்தைப் போட்டு, தேதி என்ன என்று கேட்டான்.